வீட்டில் செய்த பாட்டுப் பெட்டி

பாட்டுத் தெரிந்தவர்களைக் காட்டிலும் பாட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதிகமாகிவிட்ட காலம் இது. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து கைப்பேசிகள். ஐந்து கைப்பேசிகளிலும் கணக்கில்லாத பாட்டுக்கள். பத்துக் காதுகளிலும் தக்கைகள். ஒருவர் கேட்பது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. இது பெரிய சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை. பக்கத்து அறையில் மருமான் கேட்கும் சங்கீதம் தம் காதில் விழாமல் இருப்பதே ஒரு பாக்கியம் என்று நினைக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. பெரியவர்களுடைய சங்கீதத்தைப் பற்றி மருமான் என்ன நினைக்கிறான் என்பதை இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

இப்படி இருக்க, சில வீடுகளில் ஒரு புதிய ஆசை முளைத்திருக்கிறது. கூடத்தில் ஒரு பெட்டி இருக்க வேண்டும். அதன் முகத்தில் ஒரு கண்ணாடித் திரை இருக்க வேண்டும். திரையில் தெரியும் படத்தை விரலால் தொட்டால் பாட்டு வர வேண்டும். அதை வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். ஆசை இவ்வளவோடு நின்றால் கடைக்குப் போய் எதையாவது வாங்கி வந்துவிடலாம். நிற்கவில்லை. அந்தப் பெட்டியை நாமே செய்ய வேண்டும் என்பதுதான் இந்த ஆசையின் முக்கியமான அம்சம். "எனக்கு மின்சார விஷயம் ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டரில் கடிதம் எழுதத் தெரியும், அவ்வளவுதான். என்னால் முடியுமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது: பெட்டியைச் செய்ய முடியும், நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும். பெட்டிக்குள் இருக்க வேண்டிய பட்டியலைச் செய்வதுதான் கஷ்டம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜூக்பாக்ஸ் என்னும் யந்திரத்தின் பூர்வீகம் அமெரிக்கா. 1889-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து மதுக்கடை ஒன்றில், லூயி கிளாஸ் என்பவர் எடிஸனுடைய போனோகிராப் யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதில் காசு போடுவதற்கு ஒரு துவாரமும் அமைத்தார். மின்சார ஒலிபெருக்கி அக்காலத்தில் ஏது? யந்திரத்திலிருந்து குழாய்கள் புறப்பட்டன. குழாயின் நுனியைக் காதில் வைத்துக்கொண்டு ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டால் பாட்டுக் கேட்கும். நம்முடைய காதுத் தக்கைக்கு இதுவே பாட்டனார் என்று சொல்லலாம். எந்தப் பாட்டு வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் காசு போட்டவருக்குக் கிடையாது. உள்ளே உருளையில் என்ன இருக்கிறதோ, அதுதான்.

அந்த உரிமை பின்னால் வந்தது. 1946-ல் உர்லிட்ஸர் கம்பெனியார் வெளியிட்ட 1015 என்ற மாதிரி 24 பாட்டுக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள இடங்கொடுத்தது. வளைந்த தலை, நிறம் மாறும் விளக்குகள், குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய்கள் என்று கோயில் தேர் போன்ற அலங்காரத்துடன் வந்த அந்தப் பெட்டி 56,000-க்கு மேல் விற்றதாம். இரண்டு வருஷத்துக்கெல்லாம் ஸீபர்க் கம்பெனியார் 100 பாட்டுக்களுக்கு இடமுள்ள பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். பம்பாயில் ஈரானி ஹோட்டல்கள் சிலவற்றில் தேநீரும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே காசு போட்டுப் பாட்டுக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பெருமூச்சு விடுவதுண்டு. 'ஜூக்' என்ற சொல் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பு இன மக்கள் கூடி ஆடிப் பாடிய சிறு விடுதிகளின் பெயரிலிருந்து வந்தது. அந்த விடுதிகளைக் கண்ணியமான மனிதர்கள் மதிக்கவில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் ஒன்றை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூக்பாக்ஸில் காசு போட்டவருடைய பாட்டு உடனே வந்துவிடாது. அது வரிசையில் போய் நிற்கும். மற்றவர்கள் காசு போட்ட பாட்டுக்களையும் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்த வரிசைதான் ஜூக்பாக்ஸின் உயிர்நாடி. மற்றதெல்லாம் மரமும் விளக்கும்.

நிற்க. திருச்சியில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஸ்க்ரூ ஆணி முடுக்கியறியாதவர் என்று அவருடைய மனைவியே சாட்சி சொல்லுவார். அவர் இப்படி ஒரு பெட்டியைச் செய்து முடித்திருக்கிறார். அவர் போன வழியே நாமும் போய்ப் பார்க்கலாம்.

பெட்டிக்கு மூளை ஒன்று வேண்டும். 'ராஸ்ப்பெரி பை' என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர். பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வித்தையைக் கற்றுக்கொள்வதற்காக இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துத் தர்ம ஸ்தாபனம் ஒன்று இதை உண்டாக்கி, 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ஆம் தேதி 35 டாலர் விலைக்கு விற்பனைக்கு விட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் பிறந்த நாள் கொண்டாட வேண்டியிருக்கும் என்று சிக்கனம் பார்த்தார்களோ என்னவோ! பிள்ளைகளுக்கென்று வந்த சாமான் இப்போது பெரியவர்களிடம் அகப்பட்டுக்கொண்டு படாத பாடு படுகிறது. இதற்குப் பிறகு வேகம் கூடிய மாதிரிகள் வந்தன. ஆனால் பாட்டு வாசிக்கும் காரியத்துக்குப் பழைய மாதிரியே தாராளமாகப் போதும். வீட்டில் கிழவடைந்து கிடக்கும் மடிக்கணினி இருந்தால் அதுவும் உதவும். அழகு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இரண்டாவது, முகம். ராஸ்ப்பெரி ஸ்தாபனத்தாரே 2015-ல் ஏழு அங்குலத் தொடுதிரை ஒன்றை வெளியிட்டார்கள். அதன் காட்சிப் பரப்பு ஏறக்குறைய பதினைந்தரை சென்டிமீட்டர் அகலமும் எட்டரை சென்டிமீட்டர் உயரமும் உள்ளது. இந்த அளவை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு விரலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். வயதானவர்களுடைய விரலுக்கு இரண்டு வேண்டும். அப்படியானால் இந்தத் திரையில் ஒரு சமயத்தில் ஆறு படங்களுக்கு மேல் வைப்பது நியாயமல்ல. புதிதாகச் செய்கிறவர்கள் இருபது பொத்தான்களைத் திணித்து வைத்துவிட்டு, "பாட்டிக்கு ஒன்றும் புரிவதில்லை" என்று குறை சொல்லுகிறார்கள்! இந்தத் திரை அழுத்தத்தால் வேலை செய்வதல்ல. கண்ணாடிக்கு அடியில் நுட்பமான மின்னேற்றம் பரவியிருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தக் கூடியதாகையால், விரல் அருகே வந்ததும் அந்த மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அந்த மாறுதலைக் கொண்டு விரல் இருக்கும் இடத்தை யந்திரம் கணக்கிடுகிறது. ஆகவே பென்ஸிலால் குத்தினால் அது அசையாது. சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து தொட்டால் குழம்பிப் போகும். மிகவும் உலர்ந்த முதிய விரலையும் சில சமயம் அது கண்டுகொள்வதில்லை. பெரிய படங்களும் இரண்டாம் முறை தொடுவதற்குச் சிறிது பொறுமையும் இருந்தால் போதும்.

மூன்றாவது, குரல். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பழைய மாதிரிகளில் காதுக் கருவி மாட்டுவதற்கு ஒரு துளை உண்டு. அதிலிருந்து வரும் ஒலி பேச்சுக்குப் போதுமே தவிர, வீணைக்குப் போதாது. புதிய மாதிரியில் அந்தத் துளையும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருப்பது சங்கீதமல்ல, எண்கள். 1982-ல் வந்த இசைத் தகட்டின் கணக்குப்படி ஒரு வினாடி நேரத்துச் சங்கீதத்தை ஒரு காதுக்கு 44,100 எண்களாக எழுதி வைக்கிறார்கள். இவ்வளவு எண்களையும் திரும்ப மின்சார அலையாக மாற்றுவதற்குத் தனியாக ஒரு சிறு பலகை கிடைக்கிறது. அதை ராஸ்ப்பெரியின் நாற்பது ஊசிகளின் மீது அழுத்திப் பொருத்திவிட்டால் போதும். ஈயப் பற்று வைக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. அதிலிருந்து ஓர் ஆம்ப்ளிபையர், அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்கள். வீட்டுப் பரணில் பழைய ஸ்டீரியோப் பெட்டி தூசியடைந்து கிடக்குமானால், அதன் ஸ்பீக்கர்கள் புதியவற்றைவிட நல்லவையாகவே இருக்கக்கூடும். என் நண்பர் பலகையையும் கம்பிகளையும் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெருவில் வாங்கினார். அந்தத் தெருவில் கடைக்காரரிடம் என்ன வேண்டும் என்று சொல்வதைவிட என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வதே மேல். பாதி வேலையை அவர்களே யோசித்துக் கொடுத்துவிடுவார்கள்.

மின்சாரம் கொடுக்கும் அடாப்டரில் மட்டும் சிக்கனம் கூடாது. நாலாவது மாதிரி ராஸ்ப்பெரிக்கு ஐந்து வோல்ட்டில் மூன்று ஆம்பியர் வேண்டும். ஐந்தாவது மாதிரிக்கு இன்னும் அதிகம். வீட்டில் கிடக்கும் கைப்பேசிச் சார்ஜரைச் செருகினால் திரையின் மூலையில் மின்னல் போன்ற ஓர் அடையாளம் தோன்றும். "பசிக்கிறது" என்பதற்கு அந்த யந்திரத்தின் பாஷை அது. அதை அலட்சியம் செய்தால் பாட்டு நடுவில் திக்கும். சில நாளில் யந்திரமே படுத்துவிடும். அதைவிடப் பெரிய அபாயம் நம் ஊர் மின்வெட்டு. யந்திரம் ஞாபகத் தகட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் சமயத்தில் மின்சாரம் நின்றால், எழுதியது அரைகுறையாகி, மறுநாள் பெட்டி கண் விழிக்காது. இதற்கு நல்ல பரிகாரம் உண்டு. எல்லாம் சரியாக அமைந்த பிறகு, ராஸ்ப்பெரியின் அமைப்புப் பக்கத்திலேயே ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், தகட்டில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும். அப்புறம் மின்சார வாரியத்தார் தங்கள் இஷ்டப்படி நடந்துகொள்ளலாம்.

உள்ளே ஓட வேண்டிய நிரல்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2003 முதல் பலர் சேர்ந்து வளர்த்து வரும் 'மியூஸிக் ப்ளேயர் டீமன்' என்ற இலவச நிரல் இருக்கிறது. அதற்கு முகம் கிடையாது. பின்னால் உட்கார்ந்து பாட்டை வாசிப்பதும் வரிசையைப் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. முகத்தை நாம் செய்ய வேண்டும். இந்த இடத்தில் தமிழ் நாட்டாருக்கென்றே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஆரம்ப மாணவர்களுக்குச் சிபாரிசு செய்யப்படும் எளிய வரைகலைச் சாதனங்கள் சில, ஆங்கில எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத்தான் அறியும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழே வேண்டாம் என்று ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. திரும்ப வேண்டியதில்லை. முகத்தை ஓர் இணையப் பக்கம் போல் எழுதி, உலாவியில் திரை முழுவதும் விரித்து வைத்துவிட்டால் தமிழ் முழு அழகோடு வரும். ஒரு தமிழ் எழுத்துரு மட்டும் நிறுவிக்கொள்ள வேண்டும். வெளியுலகத் தொடர்பு இதற்குத் தேவையே இல்லை. பக்கம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

மர வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே தச்சரைக் கூப்பிட்டு அழகான பெட்டி செய்து வைத்துக்கொண்டு, அப்புறம் அதற்குள் சாமான்கள் அடங்காமல் தவிக்கிறவர்களைப் பார்க்கலாம். முதலில் மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பாட்டு வரவேண்டும். வந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். பின்பக்கம் காற்றுப் போகத் துளைகள் வேண்டும். 80 டிகிரி உஷ்ணத்தை எட்டினால் ராஸ்ப்பெரி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர்களுக்குத் தனி அறைகள் தடுத்துவிட வேண்டும். திரையைச் சற்றுச் சாய்வாக வைத்தால் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும். ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்குத் திரையில் படம் போடுவதை விட உண்மையான திருகு ஒன்றை வைப்பது எவ்வளவோ மேல். இருட்டிலும் கைக்கு அகப்படும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் என் நண்பருக்கு ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. பெட்டி பாடியது. அவர் வீட்டில் தகடுகளிலிருந்தும் பழைய நாடாக்களிலிருந்தும் சேர்த்து வைத்திருந்த பாட்டுக்கள் இரண்டாயிரத்துக்கு மேல். இரண்டாயிரம் பாட்டுக்களுக்கு இடம் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். சுருக்காத சங்கீதத்துக்கு நிமிஷத்துக்குப் பத்தரை மெகாபைட் வேண்டும், எம்.பி.3 முறையில் நன்றாகச் சுருக்கினால் நிமிஷத்துக்கு ஒன்றே போதும். விரல் நகத்தளவு தகட்டில் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிவிட்டது. ஆனால் திரையைத் திறந்து பார்த்தபோது, அதில் 'பாட்டு 01' என்ற பெயரில் நூற்றுப் பதினாறு பாட்டுக்கள் இருந்தன.

பட்டியல் என்று நான் சொன்னது இதைத்தான்.

யந்திரத்துக்குச் சங்கீதம் தெரியாது. ஒவ்வொரு பாட்டோடும் நாம் எழுதி ஒட்டும் சீட்டைத்தான் அது படிக்கும். பாடியவர், இயற்றியவர், ராகம், வருஷம் இவை சீட்டில் இல்லாவிட்டால் பாட்டு இருந்தும் இல்லாததுதான். எழுதியிருந்தாலும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும். தியாகராஜரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒருவர் 'ட்டி' என்று ஆரம்பிக்கிறார். இன்னொருவர் பக்கத்தில் ஓர் 'எச்' சேர்க்கிறார். மூன்றாமவர் நடுவில் 'ஒய்'க்குப் பதில் 'ஐ' போடுகிறார். நண்பருடைய பெட்டியில் இப்படி ஏழு தியாகராஜர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு நாற்பது கீர்த்தனை. ஒருவருக்கு ஒன்றே ஒன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஐந்து பேர். எல்லாவற்றையும் தமிழில் ஒரே முறையாக மாற்றியபோதுதான் மும்மூர்த்திகள் மூவரானார்கள்.

தமிழில் எழுதியதும் புதிய வேடிக்கை ஒன்று ஆரம்பமாயிற்று. அகர வரிசையில் பாடகர்களை அடுக்கச் சொன்னால் 'எ' என்ற எழுத்தின் கீழ் ஒரே கூட்டம். எம். எஸ். சுப்புலக்ஷ்மி, எம். எல். வசந்தகுமாரி, எம். கே. தியாகராஜ பாகவதர், எம். டி. ராமநாதன், என். சி. வசந்தகோகிலம், எஸ். ஜி. கிட்டப்பா எல்லாரும் அங்கேதான்! நம்முடைய வித்வான்கள் ஊரின் பெயரையும் பெற்றோர் பெயரையும் ஆங்கில எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொண்டதன் பலன் இது. 'சு' என்ற எழுத்தின் கீழ் தேடியவருக்குச் சுப்புலக்ஷ்மி கிடைக்கமாட்டார். இதற்கும் வழி இருக்கிறது. சீட்டில் 'வரிசைக்குரிய பெயர்' என்று தனியாக ஓர் இடம் உண்டு. திரையில் முழுப் பெயரும் தெரியும். அடுக்குவது மட்டும் 'சுப்புலக்ஷ்மி' என்று நடக்கும். நண்பருடைய பேத்தி, எட்டாவது வகுப்பில் படிக்கிறவள், இந்த வேலையைப் பரீட்சை விடுமுறை முழுவதும் செய்தாள். அந்த விடுமுறையில் அவள் அறிந்துகொண்ட பாடகர்களின் எண்ணிக்கை அவளுடைய தகப்பனார் ஆயுளில் அறிந்ததைவிட அதிகம்.

மிச்சம் இருந்தது 'பாட்டு 01' கும்பல். அவற்றில் பெரும்பகுதி ஒலி நாடாக்களிலிருந்து வந்தவை. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனியார் வெளியிட்ட சிறு ஒலி நாடாப் பெட்டி, பின்னால் நம் நாட்டு வீடுகளில் புகுந்து, ரேடியோக் கச்சேரி முதல் குழந்தையின் மழலை வரையில் எல்லாவற்றையும் பிடித்து வைத்தது. பிடித்தவர்கள் மேலே பெயரெழுத மறந்தார்கள். இந்த நாடாக்களை எண்களாக மாற்றுவதற்கு வீட்டில் குறுக்கு வழி கிடையாது. 90 நிமிஷ நாடாவுக்கு 90 நிமிஷம் ஓடவிட்டே ஆக வேண்டும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துணுக்கு உதிர்ந்து போயிருக்கும்; அதை ஒட்ட வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் வாசிக்கும் தலையின் சாய்வைச் சிறு திருகினால் மெல்லச் சரிசெய்ய வேண்டும். இவையெல்லாம் பழகிவிடும். ஆனால் பாடுவது யார்?

அது தெரிந்தவர் வீட்டில் ஒரே ஒருவர் இருந்தார். நண்பருடைய தாயார், வயது எண்பத்து நாலு. அவர் ஊஞ்சலில் உட்கார்ந்துகொள்வார். நாடா ஓடும். பேத்தி மடிக்கணினியுடன் கீழே உட்கார்ந்திருப்பாள்.

"இருடி, இருடி. அந்த ஸ்வரத்தைக் கேட்டாயா? மதுரை மணி ஐயர். வேறு யாருக்கு இப்படி வரும்? எழுதிக்கொள்."

"ராகம் என்ன, பாட்டி?"

"அதை உன் தாத்தாவைத்தான் கேட்க வேண்டும். எனக்குப் பாட்டு மட்டுந்தான் தெரியும்."

ராகத்தைப் பிறகு கச்சேரிக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இப்படி நாளுக்கு இரண்டு நாடா வீதம் நடந்தது. ஒரு நாள் ஒரு நாடாவில் நாகஸ்வரம் வந்தது. ரேடியோவில் கேட்ட சுத்தம் அதில் இல்லை. பாத்திரச் சத்தம், குழந்தைகளின் கூச்சல், யாரோ யாரையோ கூப்பிடும் குரல். நடுவே தோடி ராகம். 1981-ல் நண்பரின் தமக்கை கல்யாணத்தில் பிடித்தது அது. வாசித்தவர் பக்கத்துக் கிராமத்துக் கோயில் வித்வான். அவர் பெயரை எந்தக் கிராமபோன் தகட்டிலும் தேடினால் கிடைக்காது. தாயார் அவருடைய பெயரைச் சொன்னார். தவில் வாசித்தவர் அவருடைய மைத்துனர் என்றார். கல்யாணத்துக்கு மறுநாள் இருவருக்கும் வேஷ்டி கொடுத்தது வரையில் சொன்னார். பேத்தி எழுதிக்கொண்டே வந்தாள்.

பதினேழாவது நிமிஷத்தில், ஒலிப்பதிவு செய்த கருவிக்கு மிக அருகில், ஓர் ஆண் குரல், "பந்திக்கு மோர் போயிற்றா என்று பார்" என்றது.

தாயார் ஊஞ்சலை நிறுத்திவிட்டார். நண்பரின் தகப்பனார் காலமாகி இருபது வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. அவருடைய குரல் வீட்டில் வேறு எங்கும் இல்லை. புகைப்படங்கள் இருக்கின்றன, சுவரில் மாலையோடு. சிறிது நேரம் கழித்து, "அதையும் எழுதிக்கொள்" என்றார் தாயார். சீட்டில் குறிப்பு எழுதுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறதல்லவா? அதில், '17-ஆவது நிமிஷத்தில் தாத்தா பேசுகிறார்' என்று ஏறியது.

உலகத்துப் பாட்டுக்களையெல்லாம் மாதச் சந்தாவுக்குக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. மோர் அவர்களிடம் இல்லை. நூற்றுப் பதினாறில் தொண்ணூற்று மூன்றுக்குத் தாயார் பெயர் சொல்லிவிட்டார். எஞ்சிய இருபத்து மூன்றும் 'பெயர் தெரியாதவை' என்ற தலைப்பில் ஒரு தனிப் படத்தின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வரும் வயதான விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்ததும் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. சென்ற மாதம் வந்த ஒருவர் இரண்டை அடையாளம் சொல்லிவிட்டுப் போனார்.

சட்ட விஷயத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். பாட்டை இயற்றியவருக்கு அவர் ஆயுளும் அதற்குமேல் 60 வருஷமும். காசு கொடுத்து வாங்கிய தகட்டை உங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்பதில் தகராறு இல்லை. பெட்டியை ஹோட்டலில் வைத்து வியாபாரம் பண்ண நினைப்பவர்கள் வக்கீலைப் பார்க்கட்டும்.

இனி, வரிசை. பெட்டி கூடத்துக்கு வந்த முதல் வாரம் நண்பர் வீட்டில் பாரத யுத்தம் நடந்தது. ஒருவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து தம் பாட்டைத் தொடுவார். முன் பாட்டு அறுந்துபோகும். பேரன் வந்தால் தாயாருடைய பல்லவி அனுபல்லவிக்குப் போகாது. இந்தத் தொல்லைக்குத் தீர்ப்பு 1940-களின் ஜூக்பாக்ஸிலிருந்து கிடைத்தது. இப்போது திரையில் எதைத் தொட்டாலும் அது வரிசையில் கடைசியாகப் போய் நிற்கிறது. ஒலித்து முடிந்த பாட்டு வரிசையிலிருந்து தானே விலகிவிடுகிறது. தாண்டிப் போவதற்குப் பொத்தானே கிடையாது. பேரன் கெஞ்சியும் அவனுடைய தாத்தா அதை வைக்கவில்லை. ஆகையால் தன் சினிமாப் பாட்டு வருவதற்குமுன் பேரன் ஓர் அடாணாவைக் கேட்க நேர்கிறது. தம் கீர்த்தனைக்குக் காத்திருக்கும் தாயார் ஒரு துள்ளல் பாட்டைச் சகித்துக்கொள்ள நேர்கிறது. சகித்துக்கொள்கிறார் என்று மட்டுந்தான் நினைத்தேன். நான் போயிருந்த அன்று வரிசையில் பதினொரு பாட்டுக்கள் நின்றன. அவற்றில் ஒன்று, போன வருஷத்துச் சினிமாப் பாட்டு. அதை வரிசையில் வைத்தது பேரன் அல்ல என்று பேத்தி என் காதோடு சொன்னாள்.

கடைசியாக, நகல் எடுப்பதை ஒத்திப்போடாதீர்கள். ஞாபகத் தகடுகள் முன்னறிவிப்பின்றிச் செத்துப்போகும் இயல்புடையவை. பாட்டுக்களும் சீட்டுகளும் அடங்கிய முழு நகல் ஒன்று வீட்டுக்குள்ளும், இன்னொன்று வேறு ஊரிலும் இருப்பது நல்லது. நண்பருடைய இரண்டாவது நகல் பெங்களூரில் அவருடைய தமக்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. கல்யாணம் அவருடையதல்லவா?